வியாழக்கிழமைத் தண்ணீர்

மீன் தொட்டியின் ஃபில்டரைக் கழுவுவது பெரிய வித்தை இல்லை. பொறுமை இருந்தால் போதும்; எனக்கு அது நிறைய இருக்கிறது. தொட்டித் தண்ணீரையே ஒரு பக்கெட்டில் மொண்டு, ஸ்பாஞ்சை அதில் முக்கி, மெதுவாக இரண்டு பிழி. அவ்வளவுதான். பளிச்சென்று ஆக்கிவிட வேண்டும் என்று மட்டும் ஆசைப்படக் கூடாது. அந்தப் பழுப்பு அழுக்கில்தான் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. மீனின் கழிவு மீனுக்கே விஷமாகாமல் பார்த்துக்கொள்வது அவைதான். மருந்து வாசனை அடிக்கிற குழாய்த் தண்ணீரில் கழுவினால் அத்தனையும் செத்துப்போகும். இரண்டே நாளில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

இதையெல்லாம் ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பாவம், கிழவன் தெரியாமல் செய்துவிட்டான் என்று நீங்கள் என்னைக் காப்பாற்றப் பார்க்கக் கூடாது.

என் பெயர் கொர்னேலியஸ். சாம்பியன் ரீப்ஸில், தங்கச் சுரங்கம் மூடும்வரை பம்ப் ஆபரேட்டர். இருபத்தோரு வருஷம், ஷிப்டு தவறாமல், பூமிக்குள்ளிருந்து தண்ணீரை வேண்டாம் வேண்டாம் என்று வெளியே தள்ளினேன். இப்போது வியாழக்கிழமை மட்டும் வருகிற குழாய்க்குக் குடத்தோடு காத்திருக்கிறேன். கர்த்தருக்கும் கொஞ்சம் கேலி உண்டு.

பக்கத்து வீட்டில் கதிரும் அவன் மனைவி சுனிதாவும். இருவருக்கும் பெங்களூரில் வேலை. விடிவதற்குள் ரயிலேறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். சாவி என்னிடம் இருக்கும். அவர்களுடைய ஒன்பது தங்கமீன்களும் என் பொறுப்பு. முதல் வருஷம் மீன்கள் கொழுகொழுவென்று இருந்தன. இரவில் சாவியை வாங்கும்போது "தேங்க்ஸ் அங்கிள்" என்பார்கள். அப்புறம் கதவு சாத்திக்கொள்ளும். தப்புச் சொல்லவில்லை, களைத்து வருகிற பிள்ளைகள்.

ஒரு வியாழக்கிழமை, உண்மையிலேயே ஞாபகமறதியாக, ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவிவிட்டேன். ஞாயிறு காலை கதிர் ஓடி வந்தான்.

"அங்கிள், இன்னா இது, எல்லாம் மேலயே நிக்குது? கொஞ்சம் வாங்களேன்."

போனேன். டிரம்மில் பிடித்து வைத்து, மருந்து வாசனை போயிருந்த பழைய தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு மாற்றினேன். அன்று முழுக்க மூவரும் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தோம். சுனிதா எனக்கு முட்டைத் தோசை வார்த்துக் கொடுத்தாள். ஒரு மீன் செத்தது, வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் என் மனைவி ஃப்ளோரா இறந்த பிறகு அவ்வளவு சந்தோஷமான ஞாயிறு எனக்கு வந்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த முறை ஞாபகமறதி இல்லை.

அடிக்கடி செய்யவில்லை, மாதம் ஒருமுறைதான். பாதி ஸ்பாஞ்சை மட்டும் குழாயில் காட்டுவேன். நான் என்ன ராட்சசனா? மீன்கள் படுக்கும், நான் வைத்தியம் பார்ப்பேன், பெரும்பாலும் தேறிவிடும். சுரங்கக்காரர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் எனக்கு 'மீன் டாக்டர்' என்றே பேராகிவிட்டது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். நான் அதைக் கொஞ்சம் சுத்தமாகச் செய்தேன்.

இதற்கிடையில் சுனிதா முழுகாமல் இருந்தாள். ரயிலில் நின்று நின்று ஆறாம் மாதத்தில் கால் வீங்கிவிட்டது. கதிர் பெங்களூரில் வீடு பார்த்துவிட்டு, மீன்களை எடுத்துப் போகலாமா என்று என்னைத்தான் கேட்டான்.

"இந்த நெலமையில வண்டியில குலுக்குனா ஒண்ணு கூட தாங்காது," என்றேன். டாக்டர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்.

"சரி அங்கிள், அதுங்க தேறட்டும். அதுவரைக்கும் நான் ட்ரெயின்லயே போய்ட்டு வரேன்," என்றாள் சுனிதா. காலை ஸ்டூலின் மேல் தூக்கி வைத்திருந்தாள். விரலால் அழுத்தினால் குழி விழுகிற வீக்கம். நன்றாகவே பார்த்தேன். அந்த வியாழக்கிழமை முழு ஸ்பாஞ்சையும் கழுவினேன்.

எட்டாம் மாதம் அவள் பங்காருபேட்டை பிளாட்பாரத்தில் மயங்கி விழுந்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மேல் கதிர் காத்திருக்கவில்லை. தொட்டியையும், ஒன்பதில் மிஞ்சிய ஒரே மீனையும் என் வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

"நீங்க இருந்ததாலதான் அங்கிள் இது ஒண்ணாவது பொழச்சுது," என்றாள் சுனிதா. சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

அவர்கள் போய் ஐந்து மாதமாகிறது. இந்த மீனுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. தொட்டித் தண்ணீரில்தான் கழுவினேன், மெதுவாக இரண்டு பிழி. மீன் தகதகவென்று இருக்கிறது. ஆனால் நன்றாக இருக்கிற மீனைப் பார்க்க யார் வருவார்கள்? முதலில் வாரம் தவறாமல் போன் செய்து விசாரித்தார்கள். நல்லா கீது, நல்லா கீது என்று நானும் சொல்லி வந்தேன். மெல்ல மெல்ல போனும் நின்றுவிட்டது.

இன்று வியாழன். காலையில் நானே கூப்பிட்டேன். மீன் ஜோராக நீந்திக்கொண்டிருந்தது.

"மீனு கொஞ்சம் சரியில்ல கதிரு. ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க."

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது. "ஐயோ. ஞாயித்துக்கெழம மூணு பேரும் வரோம் அங்கிள். நீங்க கவலப்படாதீங்க," என்றான்.

பொய் சொல்கிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. போனை வைத்த கையோடு, ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.