குண்டுவின் தொட்டிக்கு ஒரு துணை

தங்கமீன் தொட்டியில் பாசி பிடிப்பது யார் குற்றமும் இல்லை மேடம். அந்த மீன் தின்றுகொண்டே இருக்கும், கழிந்துகொண்டே இருக்கும். மேலே கொஞ்சம் வெளிச்சம் விழுந்தால் போதும், நாலு நாளில் கண்ணாடி பச்சையாகிவிடும். மூன்றாம் மாடி டீச்சர் வீட்டிலும் ஒரு தொட்டி இருக்கிறது. உள்ளே மீன் கிடக்கிறதா, பழைய செருப்பு கிடக்கிறதா என்று அவருக்கே தெரியாது. நான் பார்த்தேன். கதவு திறந்திருந்தது.

நீங்கள் எழுதிக்கொள்வதால் நிதானமாகவே சொல்கிறேன்.

என் தம்பி வீட்டுத் தொட்டியில் இருந்தது ஒரே ஒரு மீன். உள்ளங்கை அகலம், நல்ல தொந்தி, பெயர் குண்டு. தம்பி பெண்டாட்டி ஐந்து வருஷமாக வளர்த்தது. அவளுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, பேச்சும் 'ம்' என்கிற ஒரு சத்தமாகச் சுருங்கிப்போனது. அப்போது தம்பிதான் தொட்டியைக் கூடத்திலிருந்து தூக்கி அவள் கட்டிலுக்கு எதிரே வைத்தான். நல்ல பிள்ளை. விஷயம் மண்டையில் ஏறத்தான் கொஞ்ச நேரமாகும்.

அவன் பகலெல்லாம் அச்சகத்தில் மெஷினோடு நிற்கிறவன். எதிர் வீட்டில் நான் ஒண்டிக்கட்டை. "அக்கா, நீ இருக்கும்போது வெளியாளு எதுக்கு?" என்றான். சரி என்றேன். மாடிப்படியில் நாலு பேர் காதில் விழும்படியாகவே சொன்னேன். "நாத்தனார் யாருங்க இந்தக் காலத்துல இதெல்லாம் செய்யறாங்க?" என்றார் டீச்சர். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். முதுகையும் இடுப்பையும் துடைத்து ஈரமில்லாமல் வைத்திருக்க வேண்டும். புரட்டியதும் கட்டத்தில் டிக் போட வேண்டும். ஏழு வாரத்தில் ஒரு கட்டத்தைக்கூட நான் காலியாக விடவில்லை. தாள் உங்களிடம்தான் இருக்கிறது, பாருங்கள்.

எனக்கு வழவழப்பு ஆகாது. பெட்டியில் ஊறிக் குழைந்த சோப்பைத் தொட்டால்கூட அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. முதல் நாள் இரண்டு ஜோடி கையுறை மாட்டிக்கொண்டு அவளை ஒரு தடவை புரட்டினேன். ரப்பரைத் தாண்டியும் வேர்வைச் சூடு வந்தது. அத்தோடு சரி. முன்பக்கமாக எடுக்க வேண்டியதை எடுத்து, மாற்ற வேண்டியதை மாற்றி, மேலே சலவைப் போர்வையைச் சுருக்கமில்லாமல் விரித்து, பவுடர் தூவிவிடுவேன். தம்பி வரும்போது பார்க்க அழகாக இருக்கும்.

"பொம்பளை காரியம், நீ தள்ளி நில்லு. அவளுக்கு வெட்கமா இருக்கும்ல?" என்பேன். ராத்திரியில் புரட்ட வேண்டாம், தூங்கவிட வேண்டும் என்று நர்ஸ் சொன்னதாகவும் சொல்லிவைத்தேன். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாரம் அறை வாசலிலேயே நின்று மூக்கைச் சுருக்கினான். "என்னக்கா இது வாடை?"

"வேறென்ன, உன் மீன் தொட்டிதான். பாசியைப் பாரு, பாழுங்கிணறு மாதிரி."

"எடுத்து வெளிய வெச்சிடலாமா?"

கட்டிலில் இருந்தவள் இடது கையால் கம்பியைத் தட்டினாள். ம், ம் என்றாள். அவனுக்கு மனம் வரவில்லை. "பாசி திங்கிற மீனு இருக்காமே. ஒண்ணு பாத்து வாங்கிட்டு வாயேன்" என்றான்.

மீன் கடைக்காரர் வாய் ஓயாத மனிதர்.

"தங்கமீனு குளிர்ந்த தண்ணியில இருக்கிறதும்மா. அதோட கண்டதையும் போட முடியாது. பெரிய நத்தை ரெண்டு போடுங்க, மெதுவா மேயும்."

"போற இடமெல்லாம் எச்சில் கோடு போடுற ஜென்மம். வேண்டாம்."

"கல்லுல ஒட்டிக்கிற மலையோடை மீனு ஒண்ணு இருக்கு. குளிரு தாங்கும். ஆனா ஓடுற தண்ணி கேக்கும், சொல்லிவெச்சாத்தான் வரும்."

கண்ணாடியில் வாயை அப்பிக்கொண்டு கறுப்பாக ஒன்று இருந்தது. வாய் மட்டும் வெள்ளை வட்டமாக அசைந்துகொண்டிருந்தது. இது என்ன என்றேன்.

"அது சக்கரு மீனு, வாயால ஒட்டி உறிஞ்சுறது. உங்களுக்கு வேண்டாம்மா. அதுக்கு வெதுவெதுன்னு தண்ணி வேணும். பாசி இருக்கிற வரைக்கும் நல்ல பிள்ளை. தீந்துச்சுன்னா தங்கமீன் மேலயே ஒட்டிக்கிட்டு, தோல் மேல இருக்கிற வழவழப்பை உறிஞ்ச ஆரம்பிச்சிடும். புண்ணாயிடும். தங்கமீனு மந்தம், உதறித் தள்ளத் தெரியாது."

"கண்ணாடி எத்தனை நாள்ல சுத்தமாகும்?"

"பத்து நாளு. ஆனா ஒரு பஞ்சை எடுத்து நீங்களே கையால தேச்சா ரெண்டு நிமிஷ வேலைதானேம்மா?"

பாவம், யாரிடம் என்ன கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தச் சக்கர் மீனையே கட்டிக் கொடுக்கச் சொன்னேன்.

சொன்னபடி பத்து நாளில் கண்ணாடி பளிங்காகிவிட்டது. டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மூக்கில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டே ஆகா என்றார்.

"பாசி போச்சு, வாடை போகலையே?" என்றான் தம்பி.

"தண்ணியில ஊறினது. ஒரு நாள்ல போயிடுமா?"

ஐந்தாவது வாரம் சக்கர் குண்டுவின் விலாவில் ஒட்டிக்கொண்டது. குண்டு இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தது, அப்புறம் அதையும் சுமந்துகொண்டே நீந்தியது. செதில் போனது. அடியில் சிவந்தது. சிவப்புக்கு மேல் ஊறின பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படர்ந்தது. ஒரு வலை போட்டு எடுத்திருக்கலாம்தான். எடுத்தால் பாசி திரும்ப வரும். தவிர, அதைப் பிடித்தால் கைக்குள் நெளியும்.

கட்டிலில் கிடந்தவளுக்கு அதைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. தம்பி வந்தாலே கம்பியைத் தட்டுவாள். தொட்டியைக் காட்டுவாள்.

"என்னக்கா சொல்றா?"

"குண்டுவுக்குத் தீனி போடச் சொல்றா."

அவனும் இரண்டு சிட்டிகை தூவுவான். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். கண்ணோரத்துத் தண்ணீர் காதுக்குள் இறங்கும். அதைக் காகிதக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தேன். அதை மட்டும் செய்தேன்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இந்தக் கட்டடத்தில் அத்தனை பேர் முதுகும் எனக்குத் தெரியும். அவளுடையதை மட்டும் நான் பார்க்கவில்லை. பார்க்காவிட்டாலும் தெரிந்தது. விரிப்பின் ஓரத்தில் மஞ்சளாக ஈரம் ஏறிக்கொண்டே வந்தது. நான் இன்னொரு விரிப்பை மேலே செருகுவேன்.

ஏழாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தம்பி அவள் தலையைச் சீவிக்கொண்டிருந்தான். அவள் தட்டினாள். தீனி டப்பாவோடு தொட்டிக்குப் போனவன் அங்கேயே குனிந்து நின்றான். கண்ணாடிதான் பளிங்காயிற்றே, எல்லாம் தெரிந்தது. பாசியை அப்படியே விட்டிருந்தால் இன்று நான் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டேன். சுத்தம் பார்த்துக் கெட்டவள் நான் ஒருத்திதான்.

"அக்கா, குண்டு விலாவுல புண்ணு. எலும்பு தெரியுது."

அவள் மறுபடி தட்டினாள். அவன் திரும்பினான். அவள் தொட்டியைக் காட்டினாள், அப்புறம் அதே கையால் போர்வையைப் பற்றித் தன் இடுப்பிலிருந்து இழுத்தாள். மறுபடி தொட்டி, மறுபடி இடுப்பு. மூன்றாவது தடவை அவனுக்கு ஏறியது.

"அக்கா, ஒரு கை பிடி. இவளைப் புரட்டணும்."

"இப்பதானேடா புரட்டினேன். தாளைப் பாரு."

அவன் தாளைப் பார்க்கவில்லை. தனியாகவே புரட்டினான். விரிப்பு முதுகோடு சேர்ந்து வந்தது. உரிகிற சத்தம் கேட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தம்பி அழவில்லை, திட்டவில்லை. "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டான். நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து போய்ச் சேர்ந்தாள். புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். குண்டுவை அவன் தனி வாளியில் உப்புத் தண்ணீரில் விட்டான், அது பிழைத்துக்கொண்டது. செதில்கூட முளைக்கிறதாம். டீச்சர் சொன்னார். இப்போது அவர் என்னோடு பேசுவதில்லை, சுவர் பக்கம் பார்த்துச் சொல்கிறார்.

அக்காதான் கொன்றாள் என்று தம்பி ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறான். கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன். புரட்டவில்லை, துடைக்கவில்லை, தெரிந்தே இருந்தேன், எல்லாம் நிஜம். ஆனால் கடைசி வரியாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் மேடம். அந்த ஏழு வாரத்தில் ஒருநாள், ஒரே ஒரு தடவைகூட, அவள் மேல் என் கை பட்டதில்லை.