அவளுக்குப் பதிமூன்று வயது

உங்கள் மேசையில் இரண்டு போன்கள் இருக்கின்றன, மேடம். நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து இரண்டும் மாறி மாறி அடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றைக் கவிழ்த்து வைத்தீர்கள். வைத்த மறு நிமிடமே மற்றதை எடுத்துப் பார்த்தீர்கள். குறையாகச் சொல்லவில்லை. உலகமே அப்படித்தான் ஆகிவிட்டது. என் வீட்டளவில் அதைச் சரிசெய்யப் பார்த்தேன், நான் செய்தது அவ்வளவுதான்.

நான் காலாட்டுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முந்தாநாள் காலையிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் போனையும் நீங்கள் வாங்கி வைத்துவிட்டீர்கள். கை அதுபாட்டுக்குச் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டே இருக்கிறது.

அடுப்பைப் பற்றித்தான் நீங்கள் முதலில் கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். இந்த ஸ்டேஷனில் என் மனைவியின் அக்கா கொடுத்த புகாரில் என்னைக் கொடுமைக்காரன் என்று எழுதியிருக்கிறதாம். நான் மனைவியைக் கை நீட்டி அடித்தவன் இல்லை. குரலை உயர்த்திப் பேசியதுகூட இல்லை. எங்கள் மாடியில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், இருக்கும் இடம் தெரியாத மனுஷன் என்பார்கள்.

எனக்கு லிஃப்ட் பராமரிப்பு வேலை. கதவு சரியாக மூடாவிட்டால் பெட்டி நகரக் கூடாது. ஆள் கூடிவிட்டால் மணி அடித்து நின்றுவிட வேண்டும். உள்ளே நிற்பவருக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அவர் உயிரோடு இறங்கிப் போவது அதனால்தான். தினமும் இதையே பார்த்துப் பார்த்து, வீட்டுக்கும் அந்தப் புத்தியே வந்துவிட்டது.

எங்கள் மகளுக்குப் பதினொரு வயது. வீட்டில் வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். வாதாடாமல் ஒரு வாய் சோறு உள்ளே போகாது. அவளுடைய டேப்லெட்டில் ஒரு கண்காணிப்புச் செயலி போட்டு வைத்தேன். எல்லாப் பெற்றோரும் செய்வதுதான். நேரம் முடிந்தால் திரை சாம்பல் நிறமாகி மணல் கடிகாரம் வந்து நிற்கும். கீழே கூடுதல் நேரம் கேட்க ஒரு பொத்தான். அதைத் தொட்டால் கேள்வி என் போனுக்கு வரும். நான் எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் பள்ளத்துக்குள் நின்றாலும் சரி, அனுமதி அல்லது மறுப்பு, ஒரே தொடுதலில் வேலை முடிந்தது. முதல் வாரம் அழுதாள். பிறகு பழகிவிட்டது. ஆனால் வக்கீல் சும்மா விடுவாளா? அந்தச் செயலியின் விதிகளை எல்லாம் படித்து, பதிமூன்று வயது நிறைந்தால் கண்காணிப்பு வேண்டுமா வேண்டாமா என்று பிள்ளையே முடிவு செய்யலாம் என்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் மறுக்கும்போதெல்லாம், "எனக்குப் பதிமூணு ஆகட்டும்ப்பா, அப்ப பேசிக்கலாம்" என்பாள். நாங்கள் மூன்று பேரும் சிரிப்போம்.

என் மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கடையில் மருந்தாளுநர். யாருக்கும் படிக்க வராத சீட்டு எல்லாம் அவள் கைக்குத்தான் வரும். கெட்டிக்காரி, அதை நான் மறுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டால் மட்டும் அக்காவோடு போன். நான் சாப்பாட்டுத் தட்டோடு எதிரில் உட்கார்ந்திருப்பேன், அவள் அக்கா சொன்ன எதற்கோ கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருப்பாள். என் பேச்சுக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்ததே இல்லை. எனக்கு வலித்தது, மேடம். அதை மறைக்க என்ன இருக்கிறது?

போன வருடம் எங்கள் கல்யாண நாளை ஒட்டி அவளுடைய பழைய போன் உயிரை விட்டது. புதிதாக ஒன்று வாங்கி, நானே எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தேன், மகளுக்குப் போட்ட செயலியையும் சேர்த்து. அந்தச் செயலி பெரியவர்களைக் கண்காணிக்க ஒத்துக்கொள்ளாது. பிள்ளை பிறந்த தேதியைக் கேட்டது. எங்கள் கல்யாணத் தேதியைப் போட்டேன். எனக்கு மறக்காத தேதி அதுதான். தவிர, அவள் வாழ்க்கை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்பது என் எண்ணம். அந்தக் கணக்கில் அவளுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் இப்போது இரண்டு பிள்ளைகள் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

மகளுக்கு வைத்தது போலப் பூட்டும் மணல் கடிகாரமும் அவளுக்கு வைக்கவில்லை. வைத்தால் தெரிந்துவிடும். அவள் கணக்கின் கடவுச்சொல் என்னிடம் இருந்தது, அது போதும். அவள் தன் நாட்காட்டியில் அக்காவோடு வெளியே போக ஒரு சனிக்கிழமையைக் குறித்து வைத்திருந்தாள். அதை எடுத்துவிட்டேன். அன்று என்னோடு வீட்டில் இருப்பாள் என்று நினைத்தேன், வேறு யோசனையே இல்லை. சாயங்காலம் அக்கா வாசலில் வந்து நின்றாள். மணிக்கணக்கில் தெருவில் காக்க வைத்துவிட்டாயே என்று பிடிபிடி என்று பிடித்துக்கொண்டாள். என் மனைவி போனைத் திறந்து காட்டப் போனாள். அங்கே ஒன்றும் இல்லை.

அவள் முகம் வெளுத்துப் போனதை அன்றுதான் பார்த்தேன். அவளுடைய அம்மா மறதி நோயில் போனவர். நடு வயதிலேயே பெற்ற மகளை யாரென்று கேட்டவர். அக்கா கோபித்துக்கொண்டு போன பிறகு இவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளில் சாய்ந்தாள். "என்னங்க, அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு தானாக என்னைத் தேடி வந்திருக்கிறாள். நீங்களாக இருந்தால் அதை விட்டிருப்பீர்களா?

அதன் பிறகு அக்காவின் எண்ணை நிறுத்திவிட்டேன். இவள் கூப்பிட்டால் அங்கே போகாது, அவள் கூப்பிட்டால் இங்கே வராது. அக்கா ஆத்திரத்தில் பேச மறுக்கிறாள் என்று இவள் நினைத்தாள், அங்கேயும் அதே நினைப்பாக இருந்திருக்கும். மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். அலாரத்தைச் சில நாள் அரை மணி தள்ளி வைப்பேன். மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் செய்திகளில் ஒன்றிரண்டை என் மனைவி பார்ப்பதற்குள் அழித்துவிடுவேன். இதனால் யாருக்கும் குடி முழுகிப் போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் பிறகு அவள் என்னிடம்தான் வந்தாள். நான் சொல்லிக் கொடுத்தேன், நினைவுபடுத்தினேன், தலையைத் தடவிக் கொடுத்தேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அந்தச் சில மாதங்கள்தான் நிம்மதியானவை.

டாக்டரிடமும் நானேதான் கூட்டிப் போனேன். ஸ்கேன் முடிவை வாங்க மட்டும் தனியாகப் போனேன். மூளையில் ஒரு குறையும் இல்லை, கவலையே வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்து அவளிடம், இப்போதைக்குக் கவலை வேண்டாம் என்று சொன்னார் என்றேன். இப்போதைக்கு என்ற ஒரு சொல்லைத்தான் நான் சேர்த்தேன்.

அவள் ஒடுங்கிப் போனாள். சாலையைத் தனியாகக் கடக்க யோசித்தாள். மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, மாற்றிக் கொடுத்துவிட்டேனோ என்று நோயாளியின் பின்னால் ஓடுவாளாம். வக்கீலை உட்கார வைத்து வீட்டு முகவரியையும் பெரியம்மா வீட்டுக்குப் போகும் வழியையும் ஒப்பிக்கச் சொல்வாள். "நான் வழி தெரியாம நின்னேன்னா நீதான்டி என்னைக் கூட்டிட்டுப் போகணும்" என்று ஒரு நாள் சொன்னாள். பிள்ளை அன்று வாதாடவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். நான் அறைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேலையை மட்டும் அவள் விடவில்லை. நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். பிறகு ஒரு மத்தியானம் கேஸ் அடுப்பு திறந்தபடி கிடந்தது. அவள் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மகள் காய்ச்சலோடு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நல்லவேளையாக நான் வந்து ஜன்னலை எல்லாம் திறந்தேன். அவள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் பிள்ளையை நானே கொல்லப் பார்த்தேனே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மறுநாள் வேலையை விட்டாள். இரண்டு நாள் மகளுக்குச் சோறு ஊட்டக்கூடப் பயந்தாள்.

முந்தாநாள் எங்கள் கல்யாண நாள். காலையில் குளியலறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் அவள் போன் ஒலித்தது. அந்தச் செயலி அவளுக்கு வாழ்த்து அனுப்பியிருக்கிறது. பிறந்த நாள் வாழ்த்துகள், உங்களுக்குப் பதிமூன்று வயது நிறைந்துவிட்டது, பெற்றோரின் கண்காணிப்பு இனியும் தொடர வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யலாம். இதைப் பற்றி எனக்கும் சில வாரம் முன்னாலேயே ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது. வேலை மும்முரத்தில் பார்க்காமல் தள்ளிவிட்டிருக்கிறேன். வீட்டில் உண்மையாகவே எதையாவது மறந்தவன் நான் ஒருத்தன்தான்.

அப்போதும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை, மேடம். தனக்கு எழுத்தே மறந்துவிட்டது என்றுதான் நினைத்திருக்கிறாள். மகளைக் கூப்பிட்டு, "இதைப் படி கண்ணு, எனக்கு என்னமோ தப்புத் தப்பாத் தெரியுது" என்றாள். கதவுக்குப் பின்னால் எனக்கு எல்லாம் கேட்டது. வக்கீல் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு எங்கெங்கேயோ தொட்டுத் திறந்து பார்த்திருக்கிறாள். பெரியம்மாவின் எண் தடுக்கப்பட்டிருப்பது வரைக்கும் அவள் குரலில் வந்தது. "அம்மா, உனக்கு மறதி இல்லம்மா. உனக்கும் அப்பாதான் பூட்டு போட்டிருக்காரு."

நான் வெளியே வந்தபோது இரண்டு பேரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி அழவில்லை, சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அடுப்பைத் திறந்தது யாருங்க?"

வாயில் நுரை இருந்தது. துப்பிவிட்டு வருவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. அவள் போனும் மகளின் டேப்லெட்டும் செருப்பு அலமாரி மேல் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. இருக்கும் இடத்தை அவை காட்டிக்கொடுத்துவிடும் என்று பிள்ளைக்குத் தெரியும். அவள்தான் அம்மா கையைப் பிடித்துக் பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறாள், சொல்லி வைத்தபடியே. அன்றிலிருந்து என் போனில் அந்த இரண்டு புள்ளிகளும் வீட்டுக்குள்ளேயே நிற்கின்றன. இன்னும் அங்கேதான் இருக்கிறார்களா, சாப்பிட்டார்களா, யாரோடு பேசுகிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். அடுப்பைத் திறந்தது நான்தான். மத்தியானம் வந்து, குமிழைத் திருகி, பற்றவைக்காமல் விட்டுவிட்டுக் கீழே இறங்கி நின்றேன். மகள் தூங்குவது தெரியும். வாட்சைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், மேடம். எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. பாதுகாப்பு என் தொழில்.

என் போனை ஒரு நிமிடம் மட்டும் கொடுங்கள். அக்காவின் எண்ணை விடுவித்துவிடுகிறேன். அவள் போனை அவளிடமே சேர்த்துவிடுங்கள், ஆசை தீரப் பேசிக்கொள்ளட்டும், நான் குறுக்கே வரமாட்டேன். ஒன்பது மணிக்கு மேல் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். தூக்கம் கெடக் கூடாது. ஏற்கெனவே அவளுக்கு ஞாபகம் சரியில்லை.