சுண்டல் வைத்த வீடும் சுத்தமான இரத்தமும்

இந்த இரத்தப் பரிசோதனை முகாமுக்குத் தலைமை தாங்கும் என் உடன்பிறந்த அண்ணன் மீனாட்சிசுந்தரம் அவர்களே! அவர் முன்னால் தட்டு நிறைய வீற்றிருக்கும் மைசூர்பாகு அவர்களே! வெறும் வயிற்றோடு வரச் சொல்லியும் இட்லியை ஒரு கை பார்த்துவிட்டு வந்திருக்கும் மானகிரிப் பெரியோர்களே! எனக்கெல்லாம் சுகர் கிடையாது என்று அடித்துப் பேசும் அன்னையர்களே! மூன்றாம் வரிசையில், மேடையை ஏறிட்டும் பாராமல், மகள் சந்திரலேகாவோடு அமர்ந்திருக்கும் கல்லல் செம்மலை அண்ணன் அவர்களே! இன்சுலின் ஊசியோடு இனிதே வாழும் மலையாண்டியின் வணக்கம்.

கைதட்டாதீர்கள். ஊசி போட்டுக்கொள்வது ஒன்றும் சாதனை இல்லை.

சுகர் எங்கிருந்து வருகிறது? இரத்தத்திலிருந்தா, இலையிலிருந்தா? பெற்றவர் தந்ததா, பிள்ளை தின்றதா? இதற்கு இரண்டு சாட்சிகள் இந்த மேடையிலேயே இருக்கிறோம். அண்ணனும் நானும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அவர் கேப்பைக்களி உண்டார், கீரை உண்டார், வரப்பிலே நடந்தார். நானோ சிங்கப்பூரிலே பரோட்டா உண்டேன், பாட்டில் பானம் குடித்தேன், லாரி இருக்கையிலே கிடந்தேன். நாற்பது வயதிலே எனக்கு நோய் வந்தது. அவருக்கு இன்றுவரை வரவில்லை. யார் சொன்னது? அவரேதான் சொல்கிறார்! சோதித்துப் பார்த்தாரா? அதை மட்டும் கேட்காதீர்கள்.

போன மாதம் அவர் மகன் அருள்பாண்டிக்குப் பெண் பார்க்கக் கல்லலுக்கு, இதோ இந்தச் செம்மலை அண்ணன் வீட்டுக்குப் போனோம். பெண் பார்க்கப் போனால் கேசரியும் பஜ்ஜியும் வரவேண்டும் அல்லவா? வந்தது சுண்டல்! அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. “ஏன், இனிப்பு செய்யலையா?” என்றார். “அப்பாவுக்குச் சுகர், எங்க வீட்டுல எல்லாருக்குமே இப்ப இதுதான்” என்றாள் அந்தப் பெண். பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது, பெண்ணுக்கும் பையனைப் பிடித்துவிட்டது. வாசலுக்கு வந்த அண்ணன் அவர்கள் காதுபடவே சொன்னார்: “சுகர்க் குடும்பம், நமக்கு வேணாம்டா. நம்ம ரத்தம் சுத்தமான ரத்தம்.”

ஆகா! அப்படியானால் நான் என்ன, தவிட்டுக்கு வாங்கின பிள்ளையா? எங்கள் அப்பாவின் கால்விரலை எடுத்தார்களே, அப்போது ஊருக்கு என்ன சொன்னார் அண்ணன்? நெருஞ்சி முள் குத்திவிட்டது என்றார்! நெருஞ்சி முள்ளுக்கு மட்டும் வாயிருந்தால் எங்கள் மீது மானநட்ட வழக்குப் போட்டிருக்கும்.

என்ன சின்னக்கருப்பு அண்ணே, பின்னாலிருந்து சத்தம்? “அப்ப பிரியாணி திங்கலாமா கூடாதா, அதச் சொல்லப்பா”ங்கிறீகளா? சொல்கிறேன். பெற்றவரிடமிருந்து வருவது நோய் அல்ல, நோய்க்கான வாய்ப்பு. அதைத் தட்டி எழுப்புவதிலும் தள்ளிப் போடுவதிலும் நம் தட்டுக்கும் நடைக்கும் பெரும்பங்கு உண்டு. களி தின்றவருக்கும் வரலாம், கண்டதைத் தின்றவருக்கு வராமலும் போகலாம். யாருக்கு வரும் என்று நெற்றியிலா எழுதியிருக்கிறது? அதனால்தான் ஐயா இந்தச் சோதனை ஊசி! தன் குடும்பத்து வாய்ப்பைத் தெரிந்துகொண்டு தட்டை மாற்றிய வீடு அந்தச் சுண்டல் வைத்த வீடு. முள்ளின் மீது பழிபோட்டு மைசூர்பாகு தின்னும் வீடு எங்கள் வீடு. இதில் யார் யாரை வேண்டாம் என்பது? சொல்லுங்கள், யார் யாரை வேண்டாம் என்பது? ஒரு பிள்ளையின் வாழ்க்கையை இப்படியா கெடுப்பது? எனக்கு வயிறு எரிகிறது அண்ணே!

அண்ணே, எந்திரிச்சு எங்குட்டுப் போறீக? கோபமா? மைக்கையா கேக்குறீக? இந்தாங்க.

கேட்டீர்களா சபையோரே? “எங்கப்பா வெரல முள்ளு எடுக்கல, சுகர்தான் எடுத்துச்சு” என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டார்! இதோ இறங்கிப் போகிறார். மூன்றாம் வரிசைக்கே போய்விட்டார். “செம்மலை, நான் பேசினது தப்பு. உங்க மகள எங்க வீட்டுக்குத் தருவீகளா?” என்கிறார். செம்மலை அண்ணன் மகளைப் பார்க்கிறார். அமைதி, அமைதி! அந்தப் பிள்ளை சொல்வது காதில் விழட்டும்.

“மாமா, மொதல்ல நீங்க போயி ரத்தம் குடுத்துட்டு வாங்க. பெறகு நாங்க யோசிக்கிறோம்.”

இப்போது தட்டுங்கள் கையை! முகாமின் முதல் விரலாகத் தலைவரின் விரல் நீண்டுவிட்டது. பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும் அன்னையர்க்கும் நன்றி. தலைவரே போய்விட்டதால் மேடையில் தனித்திருக்கும் மைசூர்பாகு அவர்களே, தாங்களும் விடைபெறலாம். வணக்கம்!