D என்ற கதிரை

சனிக்கிழமைகளில் வெக்ஸ்போர்ட் தமிழ்ச் சங்கக் கட்டடத்துக்கு எல்லோருக்கும் முன்பாகச் சென்று கதிரைகளை வரிசையாக அடுக்கிவைப்பது என் வழக்கம். முதலில் வந்தவர் முதற் கதிரையில். கடைசியாக வந்தவர் கடைசிக் கதிரையில். ஓய்வுபெற்ற ஆசிரியனுக்கு வரிசை என்பது ஏறக்குறைய மதம். சங்கக் குழு என்னை விசாரிக்க உங்களை அனுப்பியிருப்பதால், நீங்கள் முதற் கதிரையிலேயே அமரலாம்.

எண்பத்துமூன்றாம் ஆண்டு முதல் இந்த நாட்டுக்கு வந்த அகதி விண்ணப்பக்காரரின் வாக்குமூலங்களை நானே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு நீதிக்கதை இருக்கும். அதிகாரிகள் அவற்றில் எவ்வளவு லயித்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்களைத் திரும்பவும் கூப்பிட்டு விசாரித்தார்கள். பிறகு சங்கத்தில் உதவி செய்யப் புனிதவதி வந்தாள். சங்கம் ஒரு கணினி வாங்கியது. சனம் சொன்னதை அவள் சொன்னபடியே தட்டினாள், நரியுமில்லை, காகமுமில்லை. விண்ணப்பங்கள் வெறுமனே ஏற்கப்பட்டன. நான் அடுக்கிய வரிசை அவளுடைய மேசையை நோக்கித் திரும்பிற்று.

கணினியும் கதிரை அடுக்கும் சாதிதான். A, B என்ற எழுத்துகள் செருகி எடுக்கும் பிளொப்பிகளுக்கு ஒதுக்கப்பட்டவை. உள்ளே நிரந்தரமாக இருக்கும் வன்தட்டுக்கு C-யில் தொடங்கும் எழுத்துகள். எங்கள் தட்டு C, D என இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வாக்குமூலங்கள் D-யில் இருந்தன. இடம் போதாமற்போகவே, எண்பத்தெட்டு மாசியில், கணினி வேலை தெரிந்த இராஜரட்ணம் இரண்டாவது தட்டொன்றை அதற்குள் பூட்டினார். ஒஷாவாவில் தொழிற்சாலை ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில், வாசலில் நின்று என்னிடம் சொன்னார்:

"மாஸ்டர், புனிதத்திட்டை மறக்காமல் சொல்லுங்கோ. புதுத் தட்டு இப்ப D. பழைய D, E ஆ மாறிட்டுது. D-ஐத்தான் துடைச்சுப் போர்மட் பண்ண வேணும். மாறிச் செய்தால் எல்லாம் அழிஞ்சுபோம்."

"புதுசுக்கு ஏன் முன்னிடம்?"

"உந்த மிசின் முதல்லை ஒவ்வொரு தட்டின்ரையும் தலைப்பகுதிக்கு எழுத்துக் குடுக்கும். மிச்சப் பகுதியளுக்குப் பிறகுதான். ஆர் முந்தி வந்தது எண்டு பாராது."

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையை ஓர் இயந்திரமே இயற்றியிருந்தது. நான் அதை மிகவும் ரசித்தேன்.

அரைமணி கழித்துப் புனிதவதி வந்தாள்.

"மாஸ்டர், இராஜரட்ணம் அண்ணை ஏதும் சொன்னவரோ? புதுசு E தானே?"

"பிள்ளை, கடைசியா வந்தவை எங்கை இருப்பினம்?"

அவள் என் கதிரைகளைப் பார்த்துச் சிரித்தாள். "கடைசிக் கதிரையிலை. உங்களிட்டை ஒரு ஓம் வாங்கவும் பாடம் படிக்க வேணும்."

"பிறகென்ன?"

கவனியுங்கள், நான் பொய் சொல்லவில்லை. வினா கேட்டேன், அது என் தொழில். E-யில் உள்ள எல்லாம் அழியும் என்று திரை எச்சரித்தது. புதுத் தட்டில் அழிவதற்கு என்ன இருக்கிறது என்று அவள் எண்ணியிருப்பாள். சம்மதம் என்று அழுத்தினாள். நான் தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். சீனி சற்றுக் குறைவு.

அழிந்தவற்றுள் கோணேஸ்வரியின் வாக்குமூலமும் ஒன்று. அச்செடுத்திருக்கவில்லை. மட்டக்களப்பில் தம் இரு மகன்களுக்கும் நேர்ந்ததை அந்த அம்மா ஒரே தடவைதான் சொல்லியிருந்தார். "இனி ஒருதரம் என்னைக் கேக்காதீங்க மகள்" என்றும் சொல்லியிருந்தார். அவருடைய அகதி விசாரணையோ அடுத்த வாரம். புனிதவதி அதன் பிறகு கணினியைத் தொட மறுத்துவிட்டாள். எனவே என் பேனாவை நான் மீண்டும் எடுக்க வேண்டியதாயிற்று. முதற் கதிரையில் அந்த அம்மா அமர்ந்தார். மூத்தவனைப் பற்றிக் கேட்டதும் வாய் மூடிக்கொண்டது; திறக்கவேயில்லை. அந்த இடைவெளியை ஓநாயும் ஆட்டுக்குட்டியும் கதையால் நிரப்பினேன். நல்ல நடை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

இராஜரட்ணம் என்னிடம் சொன்னாராம் என்கிறீர்கள். சொன்னார். புதியது D என்று தெரிந்தே அவளை E-க்கு அனுப்பினேன். மறைப்பதற்கு இதில் என்ன இருக்கிறது?

புனிதவதி இப்போது நாள்தோறும் வேலை முடிந்து அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய்ச் சமைத்துக் கொடுக்கிறாள். "என்ரை பிழைதான் அன்ரி" என்று காலைப் பிடித்து அழுதாளாம். மேன்முறையீட்டுக்காக வழக்கறிஞர் வாசலில் அவளே காத்துக் கிடக்கிறாள். பிழை விட்ட பிள்ளை தானாகவே திருந்துவதைக் காண்பதைவிட ஆசிரியனுக்கு வேறென்ன பேறு வேண்டும்? நான் அவளை எப்போதோ மன்னித்துவிட்டேன்.