கையெழுத்துப் போட ஓர் அண்ணன்

தர்மபுரியில் ஓர் ஆஸ்பத்திரி வரிசை. எனக்கு முன்னால் பதினொரு பேர். அவர்களில் கடைசி இருவர், நாற்பதைத் தாண்டிய பெண்கள். உயரமானவருக்கு நாளை பித்தப்பை ஆபரேஷன்.

“உன்னைத் தத்து எடுத்திருக்கணும்டி. கையெழுத்துப் போட என்னை வுட்டிருப்பாங்க” என்றார் மற்றவர்.

“என்னைவிட ரெண்டு வயசு சின்னவ, நீ எனக்கு அம்மாவா?”

“பின்ன? பதினாறு வருசமா ஒரே வூடு, ஒரே ரேஷன் கார்டு. நாம கல்யாணம் பண்ணிக்கத்தான் சட்டத்துல எடமில்லை. அதனால நான் உனக்கு யாருமில்லையாம். கூடப் பொறந்தவன் வேணுமாம்.”

உயரமானவர் மாரண்டஹள்ளி அண்ணனுக்குப் போன் போட்டார். ஒன்பது வருடமாகப் பேச்சில்லையாம்.

“அண்ணா, நாளைக்கு வந்து ஒரு கையெழுத்துப் போடுங்க. ஆமா, அவளும் இருப்பா. எனக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு கேப்பாங்க. அவ சொல்லுவா, நீங்க எழுதுங்க.”