நஞ்சுண்டன் போட்ட வாய்ஸ்

ராசாத்தாள்: ஏனுங்க, எத்தனை வாட்டிதான் உங்க குரலை நீங்களே கேப்பீங்க?

நஞ்சுண்டன்: எண்பத்தாறு பேரு கைதட்டிப் போட்டிருக்கறாங்க அம்மணி! நேத்து வாட்ஸப் குரூப்புல போட்ட வாய்ஸுக்கு.

ராசாத்தாள்: அப்படி என்னத்தப் பேசுனீங்க?

நஞ்சுண்டன்: ‘மூணே மாசத்துல சக்கரையை விரட்டிப்போட்டேன். மாத்திரையைத் தூக்கி எறிஞ்சேன். எல்லாம் தண்ணியில கலக்கிக் குடிச்ச பச்சை மூலிகைப் பொடி’ன்னு. அவ்வளவுதான்.

ராசாத்தாள்: மூணு மாசமா? ஒரு வருசமாச்சுங்களே. மாத்திரையை நீங்களா எறிஞ்சீங்க?

நஞ்சுண்டன்: டாக்டரு... ரத்தம் எடுத்துப் பாத்துப் பாத்து... ஒண்ணொண்ணாக் கொறைச்சாரு.

ராசாத்தாள்: சக்கரை ஓடியே போச்சுன்னாரா?

நஞ்சுண்டன்: அடங்கியிருக்குது, மெத்தனமா இருந்தாத் திரும்ப வந்துரும்னாரு. அதையெல்லாம் தறிக்காரங்க குரூப்புல சொன்னா எவன் கேப்பான்?

ராசாத்தாள்: என்ற தம்பி மயில்சாமி கேட்டிருக்கறானுங்க.

நஞ்சுண்டன்: அவனும் கைதட்டுனானா?

ராசாத்தாள்: ஊசியை நிறுத்திப்போட்டானாம்.

நஞ்சுண்டன்: என்ன புள்ள சொல்ற?

ராசாத்தாள்: காலைல போன் பண்ணுனான். ‘முப்பது வருசமாக் குத்திக் குத்திச் சலிச்சுப்போச்சு. மாமாவே சொல்லிட்டாரு, இனி பொடி போதும்’ங்கறான்.

நஞ்சுண்டன்: ஐயோ! அவனுக்குச் சின்ன வயசுலயே வந்த சக்கரை. அது வேற, எனக்கு வந்தது வேற! ஊசி இல்லாட்டி உசுருக்கே...

ராசாத்தாள்: வாய்ஸ்ல அதைச் சொன்னீங்களா?

நஞ்சுண்டன்: கூப்புடு அவனை! நீ எடுத்துச் சொல்லு.

ராசாத்தாள்: சொல்லிப் பாத்துட்டேனுங்க. ‘மாமா பொடி குடிச்சாரா இல்லியா, அதைச் சொல்லு’ங்கறான். குடிச்சீங்களா?

நஞ்சுண்டன்: தினமும் ஒரு டம்ளர்... நீதான் பாத்தியே!

ராசாத்தாள்: டம்ளரை எடுத்துக்கிட்டுக் கொல்லைக்குப் போனதைப் பாத்தேன்.

நஞ்சுண்டன்: அது... காத்தாட...

ராசாத்தாள்: ஏனுங்க.

நஞ்சுண்டன்: சரி! குடிக்கலை! மொத வாயே குமட்டிருச்சு. தென்னைமரத்துக்கு ஊத்திப்போட்டேன்.

ராசாத்தாள்: மரத்துக்குச் சக்கரை கொறைஞ்சுதுங்களா?

நஞ்சுண்டன்: சிரிக்காத புள்ள.

ராசாத்தாள்: பின்ன எதுக்குங்க அந்தப் பொய்?

நஞ்சுண்டன்: வேற என்னத்தைச் சொல்ல? ‘பொண்டாட்டி அரிசிம்பருப்புச் சோத்தைப் பாதியாக் கொறைச்சா, தட்டு நெறையக் காயை வெச்சா, வண்டிச் சாவியைப் புடுங்கிக்கிட்டுத் தறிக்குடோனுக்கு நடக்க உட்டா, பதினோரு கிலோ எளைச்சேன்’னா? பேக்கரியில என்னை உக்காந்து டீ குடிக்க உடுவானுங்களா?

ராசாத்தாள்: அதைத்தானுங்க சொல்லோணும். மயில்சாமிக்கு மட்டுமில்ல, குரூப்புலயும்.

நஞ்சுண்டன்: குரூப்புலயா! எரநூத்தி நாப்பது பேரு புள்ள...

ராசாத்தாள்: அதுல இன்னும் எத்தனை பேரு மாத்திரையைக் கீழ வெச்சாங்களோ.

நஞ்சுண்டன்: சரி, குரூப்புலயே பேசிப்போடறேன். ‘எல்லாருக்கும் வணக்கமுங்க. கருமத்தம்பட்டி நஞ்சுண்டன் பேசறேன். நேத்துச் சொன்னது பொய்யுங்க. பொடியைக் குடிச்சது எங்கூட்டுத் தென்னைமரம். எனக்குக் கொறைஞ்சது, சோத்தைக் கொறைச்சு, நடந்து, டாக்டரு பேச்சையும் என்ற ராசாத்தா பேச்சையும் கேட்டதுனால. எல்லாருக்கும் இப்படியே ஆகும்னு இல்லீங்க. டாக்டரைக் கேக்காம மாத்திரையோ ஊசியோ யாரும் நிறுத்தாதீங்க. மயில்சாமி... சாமி... இப்பவே ஊசியைப் போட்டுக்க கண்ணு.’ போட்டாச்சு! அவனைக் கூப்புடு, சீக்கிரம்!

ராசாத்தாள்: ஸ்பீக்கர்ல இருக்கறான். பேசுங்க.

மயில்சாமி: இப்பப் போட்ட வாய்ஸைக் கேட்டேனுங்க மாமா.

நஞ்சுண்டன்: ஊசி போட்டியாடா?

மயில்சாமி: காலைலயே போட்டாச்சுங்க.

நஞ்சுண்டன்: காலைலயேவா? நிறுத்திப்போட்டேன்னு உங்கக்கா...

மயில்சாமி: நிறுத்தறதாத்தான் இருந்தேனுங்க மாமா. கையில எடுத்த ஊசியைத் திருப்பி வெச்சும்போட்டேன். மனசு கேக்காம அக்காளுக்கு ஒரு போன் போட்டேன். ‘மொதல்ல ஊசியைப் போடு. போடலைன்னு மாமன்கிட்ட நான் சொல்லிக்கறேன். மாமன் வாயிலிருந்து உண்மையை நான் வர வெச்சுக்கறேன்’னுச்சுங்க.