ஒரு விரற்கடை

முதலில் அறுத்தது நாற்காலியின் காலையா, கட்டிலின் காலையா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நாற்காலி என்றே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

நான் தச்சன். கடையில் வாங்கிய சாமான் யாருக்கும் அப்படியே பொருந்துவதில்லை. குள்ளமானவருக்கு மேசையைத் தாழ்த்துவேன். இடுப்பு வலிக்காரருக்குக் கட்டிலை உயர்த்துவேன். ஒருவர் சுலபமாக எழுவதும் எழாததும் பலகையின் சாய்வைப் பொறுத்தது.

என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, முட்டி வீங்கிக் கிடந்தாள். அப்போதுதான் சொன்னாள். சத்தம் போடவில்லை.

“முட்டி சரியானதும் நான் தங்கச்சிகிட்ட போயிடுறேங்க. அவ தையல் கடையில எனக்கும் ஒரு மெஷின் போட்டுத் தரேன்னா. திரும்பி வரமாட்டேன்.”

எனக்குப் பயமாக இருந்தது. பயந்தவன் தெரிந்த வேலையைத்தானே செய்வான்.

அவளுக்காக நாற்காலியைச் சரிசெய்தேன். முதுகுக்கு மெத்தை, கால் நீட்டப் பலகை. “சொகமா இருக்குங்க” என்றாள். பிறகு, அவளைக் கைத்தாங்கலாகக் குளியலறையில் விட்டுவிட்டு, பின்கால்களில் ஒரு விரற்கடை அறுத்தேன். கொஞ்ச நாள் கழித்து இன்னொரு விரற்கடை. கைப்பிடிகளைச் சரிவாக இழைத்து மெழுகு பூசினேன், ஊன்றினால் வழுக்கும். கட்டிலும் அப்படியே தாழ்ந்தது. ஒரு விரற்கடையை யாரும் கவனிப்பதில்லை.

வீக்கம் வற்றியது. அவளால் எழ முடியவில்லை. உட்கார்ந்தே இருந்ததில் கால்கள் மெலிந்தன.

“என் காலைப் பாத்தா எனக்கே பயமா இருக்குங்க. வேற யாரோட காலோ மாதிரி இருக்கு.”

டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள். காலை எடுக்கத்தான் சொல்வார்கள் என்றேன். அப்புறம் கேட்கவில்லை. தூக்கிவிடும்போதெல்லாம் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவ்வளவு நெருக்கம் எங்களுக்குள் முன்பு இருந்ததில்லை.

அவளை அழைத்துப்போக மைத்துனி வந்தாள். மனைவி கட்டிலில் இருந்ததால் அவள் நாற்காலியில் சாய்ந்தாள். சற்று நேரத்தில் எழப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்தாள்.

“என்ன மாமா, இது நாற்காலியா, எலிப்பொறியா?”

மறுபடி கையை ஊன்றினாள். வழுக்கியது. பக்கவாட்டில் குனிந்து முன்காலையும் பின்காலையும் மாறிமாறிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“அக்கா,” என்றாள் மெதுவாக. “உன் கால்ல ஒண்ணும் இல்லக்கா. நல்லா இருக்கிற என்னாலயே இதுலேர்ந்து எந்திரிக்க முடியல.”

மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்திருந்தால் நீங்களும் பயந்திருப்பீர்கள்.

“மாமா, கதவை ஏன் சாத்துறீங்க?”

கொட்டாப்புளி கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. உளியைத் தட்டும் மரச்சுத்தி, தெரியுமல்லவா. மைத்துனி எழ முயன்றுகொண்டே இருந்தாள். அதிலிருந்து அவ்வளவு சீக்கிரம் எழ முடியாது; வேலையை நன்றாகவே செய்திருந்தேன். உளியைத் தட்டுவதைவிடக் கொஞ்சம் பலமாக அடித்தேன்.

மனைவி கட்டிலிலிருந்து உருண்டு, தவழ்ந்து, கதவைத் திறந்து கத்தினாள். நான் தடுக்கவில்லை. தவழ்ந்து எவ்வளவு தூரம் போய்விட முடியும் என்று நினைத்தேன்.

மைத்துனி இறந்துவிட்டாள். மனைவி ஆஸ்பத்திரியில் நடக்கப் பழகி, இப்போது அந்தத் தையல் கடையை நடத்துகிறாளாம். நான் இங்கே இருக்கிறேன். அவள் இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. இவ்வளவு தூரம் வர அவள் கால் இடம்கொடுக்கவில்லை போலிருக்கிறது.